வயோதிக டாக்டரின் காகிதங்கள்

வானொலியில் பேசுகிறவனுக்கு ஓர் இரகசியக் கவலை உண்டு. பேசி முடித்து ஒலிபரப்பு அறையின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது, சற்று முன் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்ற கேள்வி மனத்தில் எழும். கேட்டவர் நினைவில் கொஞ்சம் தங்கியிருக்கும். மற்றதைக் காற்று கொண்டுபோய்விடும். பேச்சுகளை இப்படிச் சிறு நூலாக அச்சிட்டு வைக்கும் வழக்கம் இந்தக் கவலையிலிருந்து பிறந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

1934ஆம் ஆண்டின் இறுதியில் போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவிலிருந்து ஒரு குரல் ஒலிபரப்பாகத் தொடங்கியது. பேசுகிறவர் யார் என்று அறிவிப்பாளர் சொல்வதில்லை. ‘வயோதிக டாக்டர்’ என்று மட்டும் சொல்லுவார். குழந்தைகளுக்காகவும் குழந்தைகளைப் பற்றியும் அவர் பேசினார். பிரசங்கம் செய்யவில்லை, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா, பேரனின் கேள்விக்குச் சற்று யோசித்துப் பதில் சொல்லுவதைப்போல, இடையிடையே நிறுத்தித் தயங்கித் தயங்கிப் பேசினார் என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெயரை மறைத்ததற்குக் காரணம் அவர் யூதர் என்பதுதான். யூதர் ஒருவர் போலந்துக் குழந்தைகளுக்குப் புத்தி சொல்வதா என்று ஆட்சேபிப்பவர்கள் நாட்டில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. 1936இல் அந்த ஆட்சேபமே வென்றது, நிகழ்ச்சி நின்றுபோயிற்று. 1938இல் அவர் மீண்டும் அழைக்கப்பட்டார்.

அந்தக் குரலின் ஒலிப்பதிவு ஒன்றும் இன்று இல்லை. ஆனால் அப்பேச்சுகளில் சில 1939இல் சிறு நூலாக அச்சேறின. அதனால் அவர் பேசியதை இன்றும் படிக்கிறோம். பேசிய குரல் போய்விட்டது. அச்சிட்ட தாள் நின்றுவிட்டது.

அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். உலகம் அறிந்த பெயர் யானுஷ் கொர்ச்சாக். பழைய போலந்து நாவல் ஒன்றிலிருந்து புனைபெயராக அவர் எடுத்துக்கொண்டது. பிறந்தது ஜூலை 22 என்பதில் ஐயமில்லை. ஆண்டு 1878ஆ, 1879ஆ என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை. தந்தை உரிய காலத்தில் பிறப்பைப் பதிவு செய்யாமல் தாமதித்துவிட்டாராம். ஒரு சீட்டு இல்லாததனால் ஒரு மனிதருக்கு ஒரு வயது கூடவோ குறையவோ செய்கிறது! பள்ளிச் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் எழுதிய தேதியையே பிறந்த நாளாகக் கொண்டு வாழும் நம்மவர் பலருக்கு இது வியப்பாக இராது.

1905இல் மருத்துவப் பட்டம் பெற்று, வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கென்று அமைந்திருந்த மருத்துவமனை ஒன்றில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். பணக்கார வீடுகள் அவரைத் தேடி வந்தன. ஆயினும், நோய் தீர்ந்து திரும்புகிற ஏழைக் குழந்தை அதே பசிக்கும் அதே இருட்டறைக்கும் திரும்பிப் போகிறதே, அப்படியானால் நாம் செய்த வைத்தியத்தின் பொருள் என்ன என்ற எண்ணம் அவரை அலைக்கழித்தது. 1912இல் குரோக்மால்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் யூத அநாதைக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டபோது, மருத்துவமனைப் பதவியை விட்டுவிட்டு அதன் தலைவரானார். ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற அம்மையார் அவருக்குத் துணையாக நின்று இல்லத்தை நடத்தினார். உண்மையில் அன்றாட நிர்வாகத்தின் பாரமெல்லாம் அந்த அம்மையார் தோளில்தான். பெரியவர்களின் வரலாற்றில் இத்தகைய அம்மையார்களுக்கு எப்போதும் இரண்டு வரிதான் கிடைக்கிறது. இங்கும் அப்படியே ஆகிவிட்டதற்காக வருந்துகிறேன்.

குழந்தைக்கும் உரிமை உண்டு, மதிப்பு உண்டு என்று சொன்ன முன்னோடிகளில் கொர்ச்சாக் ஒருவர். பிற்காலத்தில் ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையை முதலில் முன்மொழிந்த நாடு போலந்து என்பதும், அந்நாட்டில் அவருடைய நினைவு ஆழ வேரூன்றியிருந்தது என்பதும் நினைக்கத்தக்கவை. ஆனால் நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவருடைய கொள்கைகள் அனைத்தையும் அன்று. அவருடைய காகிதங்களும் நினைவுப் பொருள்களும் என்ன ஆயின என்பது ஒன்றையே. அதைச் சொல்வதற்கு முன், பிறர் சேர்த்துவைக்கும் அற்பப் பொருள்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்லியாகவேண்டும்.

சிறுவன் ஒருவனுடைய சட்டைப் பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அறுந்த கயிறு, துருப்பிடித்த ஆணி, வண்ணக் கண்ணாடித் துண்டு, ஒரு பொத்தான், வேலை செய்யாத சாவி. நாம் அதைக் குப்பை என்போம். கொர்ச்சாக் அதைச் சொத்து என்றார். தூய்மை என்ற பெயரால் குழந்தைகளின் இழுப்பறைகளைச் சோதித்து அந்தப் பொக்கிஷங்களை அடுப்பில் போடும் விடுதிப் பணியாளரை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதியிருக்கிறார். தனக்கென்று ஒன்றுமில்லாத அநாதைக்கு அந்தக் கண்ணாடித் துண்டில் ஒரு நாள், ஒரு தோழன், ஒரு பயணம் அடங்கியிருக்கலாம். அதன் விலையைச் சொல்ல உரிமை பெற்றவன் அதன் உடையவன் ஒருவனே என்பது அவர் கருத்து.

ஆகவே அவருடைய இல்லத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் பொருள்களை வைத்துக்கொள்ளத் தனி இழுப்பறை இருந்தது. கீழே கிடந்து எடுத்த பொருள்களை வைக்கக் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று இருந்தது. பென்சில் துண்டானாலும் அதில் வைக்கப்படும்; உடையவன் வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுவான். ஒரு தபால் பெட்டியும் இருந்தது. கேட்கவேண்டியதையும் முறையிடவேண்டியதையும் குழந்தைகள் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மாலையில் டாக்டர் எடுத்துப் படித்துப் பதில் சொல்லுவார். எழுதுகிறபோது கோபம் சற்று ஆறும், எண்ணம் தெளிவாகும், காத்திருக்கப் பழக்கமாகும் என்பது அவர் கண்ட பயன்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது நினைவுத் தபால் கார்டு என்னும் ஏற்பாடு. குளிர்காலத்தில் மணியடித்தவுடன் சோம்பாமல் எழுந்த பிள்ளைக்குப் பனிக்காட்சி வரைந்த கார்டு. நிறைய உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தவனுக்குப் பூப் படம் போட்ட கார்டு. ஓயாமல் சண்டை பிடித்தவனுக்குக்கூட ஒன்று உண்டு: புலிப்படம் போட்ட கார்டு! இல்லத்தை விட்டுப் போகும் நாளில் அனைவரும் கையெழுத்திட்ட கார்டு ஒன்று கிடைக்கும். இது பரிசு அன்று. நடந்தது நடந்தது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவே. வாழ்க்கைப் பாதையில் சிலர் அதைத் தொலைப்பார்கள், சிலர் கடைசிவரை வைத்திருப்பார்கள் என்பதை அவரே அறிந்திருந்தார்.

டாக்டர் தமக்காகவும் காகிதம் சேர்த்தார். வாரந்தோறும் குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, உயரம் அளந்து எழுதிவைத்தார். குழந்தை வளரும் விதத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அதிலிருந்து ஒரு பெரிய நூல் எழுதவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முப்பது ஆண்டுகள் இடைவிடாமல் எடுத்த கணக்கு அது. அதில் ஏறக்குறைய எல்லாம் அழிந்துபோயின, நூலும் எழுதப்படவில்லை. மருத்துவ உலகிற்கு அது எத்தகைய இழப்பு என்பதை மருத்துவர்கள்தாம் சொல்லவேண்டும். ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு குழந்தை மேடைத் தராசில் ஏறி நின்ற கணம் இருந்தது என்பதை மட்டும் என் போன்றவன் உணரமுடியும்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் போலந்தில் புகுந்தன. 1940 நவம்பரில் வார்சா யூதர்கள் அனைவரும் நகரின் ஒரு மூலையில் மதில் சூழ்ந்த பகுதிக்குள் அடைக்கப்பட்டார்கள். ‘கெட்டோ’ என்பது அதன் பெயர். குரோக்மால்னா தெருவிலிருந்த இல்லம் மதிலுக்கு வெளியே அமைந்துவிட்டமையால் குழந்தைகள் இடம் பெயரவேண்டியதாயிற்று. ஓராண்டு கழிந்து கெட்டோவின் எல்லை சுருக்கப்பட்டபோது மறுபடியும் ஓர் இடமாற்றம். இரண்டு முறை வீடு மாறினால் என்னென்ன தொலையும் என்பதை மாற்றலாகி ஊர் ஊராய்த் திரியும் அரசாங்க உத்தியோகஸ்தர் எவரும் அறிவார். இவர்கள் வண்டி பிடித்துச் சாமான் ஏற்றி மாறியவர்கள் அல்லர்; துப்பாக்கி முனையில் மாறியவர்கள். முதல் இடமாற்றத்தின்போது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்துக்கொண்டார்கள் என்று அதிகாரிகளிடம் நியாயம் கேட்கப்போன டாக்டர் சிறையிலடைக்கப்பட்டார்.

1942 மே மாதம், உடல் தளர்ந்து, கால் வீங்கி, இருநூறு குழந்தைகளுக்கு நாளைய ரொட்டி எங்கிருந்து வரும் என்று பகலெல்லாம் வீடு வீடாகப் பிச்சை கேட்டலைந்த அந்த மனிதர், முன்பு தொடங்கி விட்டிருந்த நாட்குறிப்பை மீண்டும் எழுதலானார். இரவில், குழந்தைகள் உறங்கியபின், கார்பைடு விளக்கின் வெளிச்சத்தில் எழுதினார். எழுதியதை இல்லத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தட்டெழுத்தில் படியெடுத்தார். இளைமைப் பருவம், தந்தையின் நோய், தம் தவறுகள், அக்கம்பக்கத்தில் நேர்ந்த சாவுகள், காலையில் குழந்தைகள் கண் விழிக்கும் விதம் என்று எதுவும் ஒழுங்கின்றி அதில் கலந்து வருகின்றன. நிதானமாக உட்கார்ந்து எழுதிய சுயசரிதம் அன்று அது. ஒரு வைத்தியர் தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்த்ததுபோல் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் நாடு இக்கதைக்குள் நுழைகிறது. 1942 ஜூலை 18ஆம் நாள் அந்த இல்லத்துக் குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது குருதேவர் ரவீந்திரநாத் தாகூரின் ‘டாக் கர்’, அதாவது ‘தபால் நிலையம்’. 1911இல் வங்காளியில் அவர் எழுதியது. நோயுற்ற சிறுவன் அமலை வெளியே விடக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிடுகிறார். அவன் சன்னலண்டை உட்கார்ந்து, தயிர்க்காரனையும் காவற்காரனையும் பூக்காரச் சிறுமியையும் கூப்பிட்டுப் பேசுகிறான். எதிரே அரசன் புதிய தபால் நிலையம் திறந்திருக்கிறான். தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கடைசியில் அரச வைத்தியர் வந்து எல்லாச் சன்னல்களையும் திறக்கச் சொல்லுகிறார், சிறுவன் உறங்குகிறான். மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகள் இதை நடித்தார்கள். மரணத்தை அமைதியாக எதிர்கொள்ளக் குழந்தைகள் கற்கவேண்டும் என்பதற்காகவே இந்நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததாக டாக்டர் சொன்னார் என்பார்கள். வீட்டுக்குள் தபால் பெட்டி வைத்த மனிதருக்கு அந்த நாடகம் பிடித்துப்போனதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்குறிப்பில் நாடகத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பார்வையாளர்களுக்கு அனுப்பிய அழைப்பின் வாசகமும் தப்பியிருக்கிறது. இவ்விரண்டும் இல்லாவிட்டால், வங்காளத்தில் பிறந்த அந்தச் சிறுவன் வார்சாவின் மதிலுக்குள் போய்வந்த செய்தியை நாம் வெறும் கர்ணபரம்பரையாகத்தான் கேட்டிருப்போம்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 22ஆம் தேதி, கெட்டோவிலிருந்து மக்களை ரயிலேற்றி டிரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பும் கொடுமை தொடங்கியது. நாட்குறிப்பின் கடைசிப் பகுதி ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்டது. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதையும், சன்னலுக்கு எதிரே துப்பாக்கியுடன் நின்ற காவலனையும் பற்றி அதில் எழுதுகிறார். அந்தக் காவலன் மீதுகூட வெறுப்பின்றி, ஊரில் அவன் பள்ளி ஆசிரியனாக இருந்திருப்பானோ என்று யோசிக்கிறார். அதன்பின் எழுத்து இல்லை. ஒன்றிரண்டு நாளுக்குள் இல்லம் முழுவதையும் அழைத்துச் சென்றுவிட்டார்கள். தப்பிப்பதற்குத் தமக்குக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு டாக்டரும் ஸ்டெபானியா அம்மையாரும் மற்றப் பணியாளரும் குழந்தைகளோடு சென்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

அந்த ஊர்வலத்தைக் கண்டவர்கள் பிற்காலத்தில் எழுதியவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. குழந்தைகள் பச்சைக் கொடி ஏந்தினார்கள் என்பார் ஒருவர். கொடியே இல்லை என்பார் மற்றொருவர். பாடிக்கொண்டு போனார்கள் என்பாரும், ஓசையின்றிப் போனார்கள் என்பாரும் உளர். நாள் 5ஆம் தேதியா 6ஆம் தேதியா என்பதிலும் கருத்து வேற்றுமை இருந்துவந்திருக்கிறது. கண்டவர் பொய் சொல்லவில்லை. துயரம் நினைவைத் தன் விருப்பம்போல் திருத்தி எழுதிவிடுகிறது. இத்தகைய இடத்தில்தான் தேதி போட்ட ஒரு தாள் எத்துணை அரியது என்பது விளங்கும்.

நாட்குறிப்பு எப்படித் தப்பியது? மதிலுக்கு வெளியே வாழ்ந்த ஈகோர் நெவெர்லி என்பவர் ஒரு காலத்தில் டாக்டரின் காரியதரிசியாக இருந்தவர். குழந்தைகளே எழுதி நடத்துவதற்கென்று டாக்டர் 1926இல் தொடங்கிய ‘சிறு பார்வை’ என்னும் வாரப் பத்திரிகையைப் பின்னர் பொறுப்பேற்று நடத்தியவர். எழுத்தாளர். இல்லம் காலியான பின்னர் தாள்கட்டு அவரிடம் வந்து சேர்ந்தது. யூதர் ஒருவருடைய காகிதங்களை வீட்டில் வைத்திருப்பதே உயிருக்கு ஆபத்து. அவர் அதை நகரின் புறத்தே பியெலானி என்னும் இடத்திலிருந்த வேறோர் அநாதை இல்லத்துக்கு அனுப்பினார். மரினா பால்ஸ்கா என்ற அம்மையார் நடத்திய இல்லம் அது. அதன் வளர்ச்சியிலும் கொர்ச்சாக்குக்குப் பல்லாண்டு பங்கு இருந்தது. அங்கே பரண் அறையின் சுவரில் பொந்து செய்து, தாள்களை உள்ளே வைத்து, செங்கல் அடுக்கிப் பூசிவிட்டார்கள். கொத்து வேலை செய்தவர் இல்லத்தின் காவல் பணியாளர்.

பின்னர் நெவெர்லி கைதானார்; சித்திரவதை முகாம்கள் பலவற்றில் அடைபட்டார். பால்ஸ்கா அம்மையார் 1944இல் காலமானார். அந்த ஆண்டு எழுச்சியை ஒட்டி வார்சா நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. பியெலானிச் சுவர் நின்றது! நெவெர்லியும் உயிரோடு திரும்பினார். அவர் பதிப்பித்த கொர்ச்சாக்கின் எழுத்துத் தொகுப்பில் 1958இல் நாட்குறிப்பு அச்சேறியது. நம்மிடம் இருப்பது தட்டெழுத்துப் படியே. தட்டெழுதிய அந்த இளைஞர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. ஒரு முதியவர், ஒரு தட்டெழுத்தாளர், ஒரு தூதுவர், ஓர் எழுத்தாளர், ஓர் அம்மையார், ஒரு காவல் பணியாளர் என்று இத்தனை கைகள். இவர்களில் ஒருவர் ‘யாருக்கு வேண்டும் இந்தக் காகிதம்?’ என்று நினைத்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்.

அதே கெட்டோவில் இன்னொரு காரியமும் நடந்தது. பசியால் உடல் எவ்வாறு மாறுகிறது என்பதை, பசியில் வாடிய மருத்துவர்களே பரிசோதித்துக் குறித்தார்கள். குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சியும் அதில் அடக்கம். கைப்பிரதியை மதிலுக்கு வெளியே ஒரு பேராசிரியரிடம் சேர்ப்பித்தார்கள். 1946இல் அது நூலாயிற்று. வரலாற்றாசிரியர் ரிங்கல்புளூமும் அவருடைய தோழர்களும் திரட்டிய பெருந்தொகுதியோ மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டது. தகரப் பெட்டிகளில் வைத்த ஒரு பகுதியை 1946இலும், பால் கேன்கள் இரண்டில் வைத்ததை 1950இலும் தோண்டி எடுத்தார்கள். பெட்டிகளின் மூட்டுகள் அடைக்கப்படாததால் நீர் புகுந்து அவற்றிலிருந்த தாள்கள் பெரிதும் நனைந்திருந்தன. இறுக மூடிய பால் கேன்களில் இருந்தவை நன்றாகவே இருந்தன. நெருப்பைக் கண்டு அஞ்சுகிறோம். காகிதத்துக்கு ஓசையின்றி வரும் பகை தண்ணீர்.

டாக்டரின் கடிதங்களின் கதை வேறு. அவருக்கு வந்த கடிதங்கள் அவரோடு அழிந்தன. அவர் எழுதியவை, குறிப்பாக 1930களில் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்த நண்பர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் எழுதியவை, பிழைத்தன. அனுப்பியவருடைய வீடு எரிந்தது. பெற்றவருடைய வீடு எரியவில்லை. இவ்வாறே இல்லத்தை விட்டு வெளிநாடு சென்ற முன்னாள் குழந்தைகளின் கையிலிருந்த படங்களும் கார்டுகளும் நின்றன. சிறுவனொருவன் பெட்டியடியில் போட்டுவைத்த அட்டை, எண்பது ஆண்டு கழித்து அந்த இல்லத்துக்கே சாட்சியாகிறது. பச்சைக்கொடியைப் பற்றி முடிவில்லாமல் வாதிடலாம். இந்த அட்டையைப் பற்றி வாதமில்லை.

குரோக்மால்னா இல்லத்தின் கட்டடம் போரில் தப்பியது. தெருவின் பெயர் மாறிவிட்டது. டாக்டர் வாழ்ந்த பரண் அறை மட்டும் மீண்டும் கட்டப்படவில்லை. அந்தக் கட்டடத்தில் ‘கொர்ச்சாக்கியானும்’ என்ற ஆவண நிலையம் அமைந்தது. வார்சா நகர அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இஸ்ரேலில் கெட்டோப் போராளிகள் நிறுவிய காப்பகத்திலும் அவருடைய காகிதங்கள் உள்ளன. கெட்டோக் காலத்துக் காகிதங்கள் பல பிற்பாடு கிடைத்து 1992இல் நூலாக வெளிவந்தன. 2012ஆம் ஆண்டைக் கொர்ச்சாக் ஆண்டாகப் போலந்து நாடாளுமன்றம் அறிவித்தது.

காப்பகத்தார் இத்தகைய தாள்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். ஒன்று: ஒருவருடைய காகிதக் கட்டு எந்த வரிசையில் கிடைத்ததோ அந்த வரிசையைக் கலைப்பதில்லை. கடிதம் வேறு, கணக்கு வேறு என்று பிரித்து அடுக்கவே நம் கை துடிக்கும். ஆனால் மருந்துச் சீட்டு ஒன்று எந்தக் கடிதத்துக்குள் மடிந்து கிடந்தது என்பதே ஒரு செய்தி. மற்றொன்று மருத்துவருக்கே உரிய சங்கடம். அவருடைய குறிப்பேடுகளில் பிறருடைய நோயும் துயரும் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். அவற்றை எல்லாரும் பார்க்கத் திறந்துவைப்பது அக்குழந்தைகளுக்குச் செய்யும் துரோகமாகலாம். எரித்துவிடுவதோ வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆகையால் பல காப்பகங்கள் அவற்றைப் பல்லாண்டு மூடிவைத்துப் பிறகே திறக்கின்றன. அவசரப்பட்டுக் கிழிப்பதைவிட மூடிவைப்பது நல்லது என்பது என் கருத்து.

ஊரை விட்டு வந்து தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கு இந்த விஷயம் தொலைவில் உள்ளதன்று. அரசாங்கக் குடியிருப்பில் மாடிவீடு மாறுகிறபோது முதலில் கபாடிக்காரனிடம் போவது காகிதம்தான். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு வீடு மாற்றத்தில், என் தந்தையார் எழுதிய இன்லண்டுக் கடிதங்கள் இருந்த அட்டைப் பெட்டியைப் பழைய தேர்வுத்தாள் என்று நினைத்து நானே நிறுத்துக் கொடுத்துவிட்டேன். எடைக்கு எத்தனை ரூபாய் கிடைத்தது என்பதுகூட நினைவிருக்கிறது, சொல்ல மனமில்லை.

அதற்குப் பின்பே இதைப்பற்றிக் கேட்டறியத் தொடங்கினேன். கிழிந்த கடிதத்தில் பசைநாடா ஒட்டலாகாது. சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். குண்டூசியும் இரும்புக் கிளிப்பும் துருவேற்றும். பிளாஸ்டிக் தகட்டுக்குள் சூடேற்றி ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் வெளிச்சுவரிலும் படாமல் வைத்து, மழைக்காலம் கழிந்ததும் நிழலில் பிரித்துப் பார்த்தால் கரையானும் இராமபாணப் பூச்சியும் அண்டா. சரஸ்வதி பூஜையன்று ஏடுகளை எடுத்துத் துடைத்த நம் முன்னோர் இதை அறிந்தே செய்தார்கள் போலும். புகைப்படத்தின் பின்புறம் யார் யார் என்பதைப் பென்சிலால் எழுதவேண்டும். சொல்லக்கூடிய பாட்டி இருக்கும்போதே எழுதவேண்டும். கடித உறையை எறியலாகாது. தபால் முத்திரையில்தான் ஊரும் நாளும் இருக்கின்றன. கைபேசியில் படமெடுத்து வேறோர் ஊரில் உள்ள உடன்பிறந்தாருக்கும் ஒரு படி அனுப்பிவிடுவது மிக நன்று. பியெலானிச் சுவரின் வேலையை அது செய்யும். பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்களின் காகிதங்களாயின், தில்லி ஜன்பத் சாலையிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தொகுப்புகளையும் ஏற்றுப் பாதுகாக்கிறது. 1891இல் கல்கத்தாவில் தொடங்கிய நிறுவனம் அது.

என் தந்தையாரின் கடிதங்கள் போயின. ஆனால் அவருக்கு நான் எழுதியவை? சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது சித்தப்பா வீட்டுப் பின்கட்டில், வளைந்த கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்த பழைய கடிதக் கற்றையைச் சித்தி இறக்கிக் கொடுத்தாள். மின்சாரக் கட்டண ரசீதுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே, தில்லிக்கு வந்த புதிதில் நான் எழுதிய பதினொரு கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பி புகுந்த துளை. ஒன்றின் ஓரத்தில், என் பதவி உயர்வுச் செய்திக்குப் பக்கத்தில், தந்தையாரின் கையெழுத்தில் ஒரு பால் கணக்கு. கம்பியில் இருந்த வரிசை கலையாமலே அவற்றைத் துணியில் சுற்றித் தில்லிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரம் நன்றாக வற்றட்டும் என்று இன்னும் பிரிக்கவில்லை.